இம்பாக்ட், பெபாஸ் நியூ, ஆன்டன், ஆஸ்வால்ட்: பெரிய தலைப்புக்கு எது?

குறுகிய இடத்தில் பெரிய ஆங்கிலத் தலைப்பு வைக்க, தடித்து ஒடுங்கிய எழுத்துருதான் வழி. அதை எடைபோட நான் முதலில் பார்ப்பது எழுத்துக்குள் மிஞ்சும் வெள்ளையை, அதாவது உள்வெளியை. அது போதாவிட்டால், எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் தள்ளி நின்று படிக்க முடியாது.

இம்பாக்ட் இங்கேதான் அடிவாங்குகிறது. ஜெஃப்ரி லீ வடிவமைத்து 1965இல் வெளியான இது, மைக்ரோசாஃப்ட் தயவால் கணினிதோறும் நுழைந்தது. மீம் படங்களின் எழுத்தாகவே ஆகிவிட்டது. இதன் சிறிய 'e' எழுத்துக்குள் இருக்கும் கண்ணைப் பாருங்கள்: வெறும் கீறல். அளவைக் கொஞ்சம் குறைத்தாலே அடைபட்டுவிடும். இணையத்தில் பதிக்கத் தனி லைசென்ஸ் வேறு வேண்டும். மற்ற மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசம்.

பெபாஸ் நியூ, ரியோய்ச்சி சுனேகாவாவின் படைப்பு. அந்த இலவசப் பதிப்பில் சிறிய எழுத்துகளே (a, b, c) கிடையாது. எதைத் தட்டினாலும் பெரிய எழுத்துதான் (A, B, C) வரும். குறை போலத் தோன்றும் இதுதான் அதன் பலம். அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் வால்கள் இல்லாததால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். மூன்று வரித் தலைப்பு ஒரே கட்டையாக நிற்கும். உள்வெளியும் தாராளம். இரண்டு மூன்று சொல் தலைப்பென்றால் எனக்கு இதுதான். ஆனால் நீளமான வாக்கியத்தை இதில் போடாதீர்கள். எல்லாச் சொல்லும் ஒரே உயரச் செவ்வகமாகிக் கண் சலித்துவிடும்.

அந்த மாதிரித் தலைப்புக்கு ஆன்டன். வெர்னன் ஆடம்ஸ் பழைய விளம்பர எழுத்துகளைத் திரைக்கேற்பத் திருத்தி உருவாக்கியது. இம்பாக்ட் தருகிற அதே கனம் இதிலும் கிடைக்கிறது, சிறிய எழுத்துகளும் இருக்கின்றன. போஸ்டருக்கு என் ஓட்டு இதற்கே.

ஆஸ்வால்டும் அவருடையதுதான். 200 (மெல்லியது) முதல் 700 (போல்டு) வரை தடிமன்கள் இருப்பதால் தலைப்பு, துணைத்தலைப்பு, பட்டன் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தில் முடித்துவிடலாம். தலைப்பாக மட்டும் வைத்தால் 700கூட ஆன்டன் அளவுக்கு அதிராது.

சரி, இவற்றில் இரண்டைத் தேர்ந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆன்டனும் பெபாஸ் நியூவும் ஒரே தடிமன் கொண்டவை. இணையப் பக்கத்தில் தலைப்புக் குறியீடு தானாகவே போல்டு கேட்கும்; அது இல்லாததால் பிரௌசர் எழுத்தைத் தானே ஊதிப் பெருக்கிவிடும். உள்வெளி சுருங்கி, ஓரங்கள் மழுங்கிப்போகும். எழுத்துரு மட்டம் என்று பழி போடுவதற்கு முன், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் ஸ்டைல் ஷீட்டில் தலைப்பின் தடிமனை 400 (சாதாரணத் தடிமன்) என்று எழுதிப் பாருங்கள்.