நாய்க்கு மைக்ரோசிப்பு: கார்ப்பரேஷன் கிளினிக்கா, தனியார் டாக்டரா, வீட்டுக்கு வர்றவரா?

எங்க வீட்டுல ரெண்டு நாய். மணி தெருவுல குட்டியா கெடந்தவன், இப்ப ஏழு வயசாகுது. ஜூலி லாப்ரடார், தம்பி வேலைக்கு வெளியூர் போறப்ப எங்ககிட்ட விட்டுட்டு போனான். மணிக்கு சென்னை கார்ப்பரேஷன் கிளினிக்ல சிப்பு போட்டோம், ஜூலிக்கு தனியார் டாக்டர்கிட்ட, எதிர்வீட்டு அக்கா அவங்க பொண்ணு நாய்க்கு டாக்டர வீட்டுக்கே வரவச்சு போட்டாங்க. மூணையும் கிட்ட இருந்து பாத்தாச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம், நெறைய பேரு சிப்பு போட்டா நாய் எங்க இருக்குன்னு போன்ல தெரியும்னு நெனைக்கிறாங்க. தெரியாது. அதுல பேட்டரி கிடையாது, அரிசி மாதிரி சின்ன கண்ணாடிக் குப்பி, தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில ஊசியால போடுவாங்க, ஸ்கேனர கிட்ட கொண்டு போனா மட்டும் 15 இலக்க நம்பர் ஒண்ணு காட்டும். அவ்ளோதான். உங்க பேரு, போன் நம்பர் எதுவும் சிப்புக்குள்ள இல்ல. அந்த நம்பருக்கு பக்கத்துல உங்க விவரத்த எவன் எங்க எழுதி வச்சிருக்கான்ங்கறதுதான் முக்கியம், அதனால நான் ஒவ்வொண்ணையும் இத வச்சுத்தான் பாக்குறேன்.

கார்ப்பரேஷன். திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம்னு அவங்க செல்லப்பிராணி கிளினிக் இருக்கு. 2025 கடைசில நாய் வளக்க லைசென்ஸ் கட்டாயம், எடுக்கலன்னா 5,000 ரூபா அபராதம்னு அறிவிச்சப்ப சிப்பும் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் இலவசமாவே போட்டாங்க, லைசென்ஸுக்கு அப்ப 50 ரூபாதான் வாங்கினாங்க. காச விட பெரிய லாபம் என்னன்னா சிப்பு நம்பர், லைசென்ஸ், தடுப்பூசி, உங்க அட்ரஸ் எல்லாம் ஒரே இடத்துல சேந்துடுது. நாய் தொலைஞ்சு போயி யாராவது தெருநாய்னு நெனச்சு கார்ப்பரேஷன் வண்டில ஏத்திட்டாக்கூட ஸ்கேன் பண்ணா உங்க வீடு தெரியணும் இல்ல, அதுக்கு இந்தப் பதிவுதான் நேர் வழி. மணி மாதிரி நாட்டு நாய் வச்சிருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், காலர் கழண்டுட்டா அவனுக்கும் தெருவுல இருக்கறவனுக்கும் வித்தியாசம் யாருக்கு தெரியும் சொல்லுங்க.

கஷ்டம்னா மத்த நாய்ங்கதான். மணிக்கு வேற நாயக் கண்டாலே ஆகாது, நான் அவன ஆட்டோவுலயே உக்கார வச்சுட்டு வீட்டுக்காரர் லைன்ல நின்னாரு, முறை வந்ததும் இறக்கி கூட்டிட்டு போனோம். ஊசி சாதா ஊசிய விட தடிமன்தான், ஆனா ஒரு நொடி, மணி திரும்பிப் பாக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கடைசி தேதி நெருங்கறப்ப போகாதீங்க, சாதா நாள்ல காலைலயே போயிடுங்க.

தனியார் டாக்டர். ஜூலிக்கு சின்ன வயசுல இருந்து பாக்குற இடம், அவளுக்கு அந்த மேசை பழக்கம், வால ஆட்டிக்கிட்டே ஏறி நிப்பா. பயந்த நாய், வயசான நாய், இதய நோய் இருக்கற நாய்க்கெல்லாம் தெரிஞ்ச டாக்டர் கைதான் நல்லது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. செலவு இடத்துக்கு இடம் மாறும், சிப்புக்கு தனியா, டாக்டர் ஃபீஸ் தனியான்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

ஆனா எங்களுக்கு நடந்தது இதுதான். சிப்பு போட்டாங்க, தடுப்பூசி புக்குல ஸ்டிக்கர் ஒட்டினாங்க, வந்துட்டோம். ரெண்டு மாசம் கழிச்சு லைசென்ஸுக்காக ஸ்கேன் பண்ணா வர்ற நம்பர் ஒண்ணு, புக்குல இருக்கறது ஒண்ணு. அன்னிக்கு வந்த வேற ஒரு நாயோட ஸ்டிக்கர எங்க புக்குல ஒட்டியிருக்காங்க. எனக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு, ஏன்னா எங்க ஜூலி தொலைஞ்சிருந்தா போன் வேற யாரு வீட்டுக்கோ போயிருக்கும். இந்தத் தப்பு எங்க வேணும்னாலும் நடக்கலாம். அதனால ஊசி போடறதுக்கு முன்னாடி உறைல இருக்கற சிப்ப ஒரு தடவ ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, போட்ட அப்புறம் நாய் கழுத்துல ஒரு தடவ, ரெண்டும் புக்குல இருக்கற நம்பரோட ஒத்துப்போகுதான்னு நீங்களே ஒவ்வொரு இலக்கமா படிச்சுப் பாருங்க. டாக்டர் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டாரு.

தனியார்ல போட்டா நம்பர் அந்த கிளினிக் ஃபைல்ல, இல்ல சிப்பு கம்பெனி பதிவுல இருக்கும். நாடு முழுக்க எல்லா டாக்டரும் பாக்குற ஒரே பதிவேடு நம்மகிட்ட இல்ல, அதனால தனியார்ல போட்டதோட நிக்காம அதே நம்பர கார்ப்பரேஷன் லைசென்ஸ்லயும் ஏத்திடுங்க. ஜூலிக்கு அப்படித்தான் செஞ்சோம்.

வீட்டுக்கு வர்றவங்க பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ரெண்டு மூணு நாய் இருக்கற வீட்டுக்கும், அபார்ட்மெண்ட்ல பத்து பேரு சேந்து கேம்ப் மாதிரி வைக்கறதுக்கும் சௌகரியம். வர்றவர் பதிவு பண்ண கால்நடை டாக்டரான்னு கேளுங்க, ஸ்கேனர் இல்லாம வந்தா அனுப்பிடுங்க.

வெளிநாட்டுக்கு கூட்டிட்டு போற எண்ணம் இருக்கறவங்களுக்கு கணக்கே வேற. எதிர்வீட்டு அக்கா பொண்ணு ஜெர்மனில இருக்கா, நாய அங்க அனுப்பணும். ஐரோப்பாவுக்கு முதல்ல சிப்பு, அப்புறம்தான் ரேபிஸ் ஊசி, இந்த வரிசை மாறினா அந்த ஊசி செல்லாது, திரும்பப் போடணும். ஊசி போட்டு 30 நாளாவது கழிச்சு ரத்தம் எடுத்து ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது ஊசி வேலை செஞ்சிருக்கான்னு பாக்குற டெஸ்ட், ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். சிப்பும் ஐஎஸ்ஓ 11784, 11785ங்கற சர்வதேச தரத்துல இருக்கணும். டிக்கெட் போட்டுட்டு சிப்பப் பத்தி யோசிக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க. இந்த மாதிரி கேஸுக்கு ஏற்கனவே நாய்ங்கள வெளிநாட்டுக்கு அனுப்பின அனுபவம் உள்ள தனியார் டாக்டர்தான் சரி, அக்காவும் அப்படி ஒருத்தரத் தேடித்தான் வரவச்சாங்க.

சிப்பா காலர் டேகான்னு கேக்குறாங்க, அது போட்டியே இல்ல. போன தீபாவளிக்கு முன்னாடி ராத்திரி பத்தாயிரம் வாலா சத்தத்துக்கு மணி கேட்ட தாண்டி ஓடிட்டான், நாலு தெரு தள்ளி இஸ்திரி போடற அண்ணன் அவன் கழுத்துல இருந்த தகரத்துல எங்க நம்பரப் பாத்து போன் பண்ணாரு. அவர்கிட்ட ஏது ஸ்கேனர்? ஆனா அன்னிக்கு காலர் அந்துட்டிருந்தா சிப்பு ஒண்ணுதான் மிச்சம். ஜிபிஎஸ் காலர் நல்லதுதான், சார்ஜ் இருக்கற வரைக்கும்.

அதனால நாட்டு நாய், பொதுவா தைரியமான நாய்னா நேரா கார்ப்பரேஷன். பயந்தது, உடம்பு முடியாதது, விமானம் ஏறப் போறதுன்னா தனியார், கூடவே கார்ப்பரேஷன் பதிவு. போன் நம்பர் மாத்தினா, வீடு மாறினா லைசென்ஸ்லயும் மாத்துங்க. வருஷா வருஷம் ரேபிஸ் ஊசிக்கு போறப்ப ஒரு தடவ ஸ்கேன் பண்ணச் சொல்லிடுங்க, சில நாய்க்கு சிப்பு கொஞ்சம் நகந்து தோள்பக்கம் இறங்கியிருக்கும், அங்கயும் தேடச் சொல்லுங்க.