வேற்றுமைக் குறியீடா, தனிமைக் குறியீடா?

சிகாகோவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எவ்வளவு பிரிந்து வாழ்கிறார்கள்? 1955இல் சமூகவியலாளர்களான டங்கன் தம்பதியரின் கட்டுரையால் நிலைபெற்ற வேற்றுமைக் குறியீடு, நகரின் எல்லா வட்டங்களிலும் (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகளிலும்) இரு இனத்தவரின் விகிதமும் ஒன்றாக வர ஓரினத்தவரில் எத்தனை பங்கினர் வீடு மாற வேண்டும் என்று சொல்லும். தனிமைக் குறியீடோ, ஒருவருடைய வட்டத்தில் சராசரியாக எத்தனை பங்கினர் அவர் இனத்தவர் என்று பார்க்கும்.

தலா 1,000 பேர் கொண்ட 10 வட்டங்கள். சிறுபான்மையினர் 200 பேர், இரண்டே வட்டங்களில் நூறு நூறாக வசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேற்றுமை 0.82, தனிமை வெறும் 0.10! முன்னது மக்கள்தொகைப் பங்கைப் பொருட்படுத்தாது. பின்னது அதையே சார்ந்தது. நகரங்களை ஒப்பிட முன்னதே மேல். அன்றாடம் யார் முகத்தில் விழிக்கிறார்கள் என்றறியப் பின்னதைத்தான் எடுப்பேன். அந்த இரு வட்டங்களும் ஒட்டியிருக்கின்றனவா, நகரின் இரு மூலைகளில் கிடக்கின்றனவா என்பது இரண்டுக்குமே தெரியாது.