கண்டன்சர் மாற்றிய கையோடு: என் பாலிஷ் மெஷினும் நாலு வருடமும்

போன வாரம் மெஷின் மக்கர் பண்ணியது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறதே தவிர, சுற்றவில்லை. சக்கரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டால் ஓட ஆரம்பித்துவிடுகிறது. இப்படி ஆனால் பெரும்பாலும் கண்டன்சர், அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடும் மின்தேக்கி, போயிருக்கும். (கையால் தட்டிப் பார்த்தது என் முட்டாள்தனம். கிளம்புகிற வேகத்தில் விரலையும் சேர்த்து இழுத்துவிடும், நீங்கள் செய்ய வேண்டாம்.) மோட்டார் கடையில் 250 ரூபாய், அரை மணி நேரம், வேலை முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தி மகன் கூப்பிட்டான்.

"அண்ணா, நீ வச்சிருக்கிற அதே மெஷின் இப்ப அறுநூறு ரூபா குறைச்சுப் போட்டிருக்காங்க. ஒண்ணு வாங்கிரட்டுமா? என் கத்தியையும் உன்னோடது மாதிரி கண்ணாடி ஆக்கணும்."

வாங்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனசு கேட்கவில்லை. யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன். நாலு வரியில் முடியும் என்று நினைத்தது இவ்வளவு நீளமாகிவிட்டது.

மெஷினைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்கும் அரை ஹெச்.பி. சாணை மெஷின்தான். இரண்டு பக்கமும் 6 அங்குலக் கல். நான் கல் இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு பக்கம் நெருக்கமாகத் தையல் போட்ட துணிச் சக்கரம், இன்னொரு பக்கம் தளர்வான துணிச் சக்கரம் மாட்டியிருக்கிறேன். இடது பக்க நட்டு தலைகீழ் மரை. அது தெரியாமல் முதல் நாள் அரை மணி நேரம் ஸ்பேனரைப் போட்டு இறுக்கிக்கொண்டே இருந்தேன்.

நாலு வருடத்தில் முப்பது கத்திக்கு மேல் பார்த்திருக்கும். வீட்டுக் காய்கறிக் கத்திகள், மாமனார் தோட்டத்து வெட்டுக்கத்தி, கொல்லுப் பட்டறையில் சொல்லிச் செய்த இரண்டு கார்பன் ஸ்டீல் கத்திகள், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தவை. பேரிங் சத்தம் இல்லை, மோட்டார் சூடேறிப் புகைந்தது இல்லை. இந்தக் கண்டன்சர்தான் முதல் செலவு. உழைப்பில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது. இதுதான் என் புகார், நாலு வருடமாக இது ஒன்றுதான். சுவிட்சை அணைத்தால் முதல் சில விநாடி சத்தம் குறைந்துகொண்டே வரும். அப்புறம் மோட்டார் சத்தம் முழுசாக அடங்கிவிடும். சக்கரம் மட்டும் ஓசையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன், முழுசாக நிற்க 50 விநாடிக்கு மேல். துணிச் சக்கரம் வெளுப்பாக இருப்பதால் சுற்றுவதும் நிற்பதும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். குழல்விளக்கு வெளிச்சத்தில் இன்னும் மோசம்.

வேகம் என்ன என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்த வகை மோட்டார் நிமிடத்துக்கு 3,000-க்குக் கொஞ்சம் குறைவாக, 2,850 சுற்று போகும். 6 அங்குலச் சக்கரம் என்றால் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பைபாஸில் போகும் பஸ்ஸின் வேகம். அந்தப் பஸ்ஸின் மேல் கத்தியை வைத்துத் தேய்க்கிறோம்.

வாங்கிய இரண்டாவது வருடம், ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். மறுநாள் சாமி முன்னால் வைக்க எல்லாக் கத்தியையும் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன். கடைசிக் கத்தி முடிந்தது. அணைத்தேன், சத்தம் அடங்கியது. மெஷினுக்குப் பின்னால் கிடந்த துணியை எடுக்கக் கையை நீட்டினேன், கத்தி கையிலேயே இருந்தது. அதன் நுனி சக்கரத்தின் மேல்பக்கத்தைத் தொட்டிருக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம். கையில் கத்தி இல்லை. பிடியின் சூடு மட்டும் உள்ளங்கையில் இருக்கிறது. குனிந்து பார்த்தால், மாடிப்படிக்குக் கீழே இருந்த நீல பிளாஸ்டிக் வாளியில் ஒரு பக்கமாக நுழைந்து பிடி வரைக்கும் போய் நிற்கிறது. வாளித் தண்ணீர் என் கால் விரலிடம் ஓடி வந்துகொண்டிருக்கிறது. அணைத்த பிறகு, மிச்ச வேகத்தில் நடந்தது இது. என் கால் அந்த வாளியிலிருந்து இரண்டு சாண் தள்ளி இருந்தது.

மறுநாள் அந்தக் கத்தியைச் சாமி முன்னால் வைக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் மெஷின் மேல் தப்பில்லை. சாணைக்கல் சுற்றுவதற்குச் செய்த சாதனத்தில் துணியை மாட்டியது நான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. பெட்டிக்குள் வந்த தாளில் எல்லா எச்சரிக்கையும் போட்டிருக்கிறார்கள், ஈரக் கையோடு தொடாதே என்பது வரைக்கும். அணைத்த பிறகும் ஒரு நிமிடம் சுற்றும் என்று ஒரு வரி போட என்ன கேடு?

அதற்கப்புறம் சக்கரத்தின் பக்கவாட்டில் சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். கோடு தெரிந்தால் நின்றுவிட்டது, தெரியாவிட்டால் சுற்றுகிறது. கால் சுவிட்ச் ஒன்று வைத்தேன். மெஷினுக்குப் பின்னாலும் கீழேயும் கோணிச்சாக்கை நாலாக மடித்துப் போட்டேன், பறக்கிற கத்தி சிமெண்டில் பட்டுத் திரும்பி வராமல் இருக்க. அணைத்ததும் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும், சித்தி மகன் கேட்காமல் விட்டது அதுதான். சக்கரத்தின் முன்பக்கம் நம்மை நோக்கி மேலிருந்து கீழே இறங்கும். கத்தியை நடு அச்சுக்குக் கீழேதான் தொட வேண்டும். கத்தியின் முதுகு மேலே, வெட்டும் வாய் கீழே. சக்கரம் முதுகிலிருந்து ஓடிவந்து வாயைத் தாண்டிப் போக வேண்டும். மாற்றி வாயை மேலே திருப்பினால் வாய் துணிக்குள் கடித்துக்கொள்ளும், அப்புறம் கத்தி எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. நுனியும் அப்படித்தான். பாதி நீளம் ஒரு தடவை, திருப்பிப் பிடித்து மீதி ஒரு தடவை என்று செய்தால் நுனி சிக்காது. சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கி நிற்க வேண்டும். கையுறை வேண்டாம், துணி உறை சிக்கினால் கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். லுங்கி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் கூடாது. முகத்துக்கு முழு ஷீல்டு.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், பாலிஷ் முடிந்த பிறகுதான் கத்திக்குக் கூர் வைக்க வேண்டும். மழுங்கின கத்தியைப் பாலிஷ் பண்ணு, கடைசியில் சாணை பிடி. நான் இரண்டு வருடம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். கூராக்கிவிட்டு அதன் மேல் பளபளப்பு ஏற்றினால் கைக்கும் ஆபத்து, கூரும் உருண்டு போய்விடும்.

சூடு இன்னொன்று. துணிதானே என்று நினைப்போம், ஆனால் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய நுனி சட்டென்று காய்ந்துவிடும். கார்பன் ஸ்டீலில் 200 டிகிரியைத் தாண்டினால் வைக்கோல் நிறம் ஏறும், 300-ஐ நெருங்கினால் நீலம். நீலம் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. கொல்லுப் பட்டறைக் கத்தி ஒன்றின் நுனியை அப்படிக் கெடுத்து வைத்திருக்கிறேன். வெறும் விரலால் கத்தியைத் தொட முடியாத சூடு வந்தால் தண்ணீரில் முக்கு. கையுறை வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், சூடு தெரிய வேண்டும்.

இப்போது சந்தோஷமான பகுதி. கண்ணாடி மாதிரி மினுக்கம் இந்த மெஷினிலிருந்து வரவே இல்லை. வாட்டர் பேப்பரிலிருந்து, அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளிலிருந்து வந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆரம்பத்தில் கீறல் விழுந்த கத்தியை நேராகப் பச்சை சோப்பு (குளிக்கிற சோப்பு இல்லை, பாலிஷ் போடும் கட்டி) தடவிய சக்கரத்தில் காட்டுவேன். பளபளக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே அத்தனை கீறலும் அப்படியே நெளியும். பெயின்ட் பூசிய ஓட்டைச் சுவர் மாதிரி.

இப்போது செய்வது இப்படி. ஒரு பலகையில் கத்தியைப் படுக்க வைத்து, நுனி பலகைக்கு வெளியே நீட்டாமல் கிளாம்ப் போடுவேன். வாய் முழுக்க மாஸ்கிங் டேப் இரண்டு மடிப்பு. 220-ல் தொடங்கி 400, 600, 1000, 1500, 2000 வரை பேப்பர், எண் கூடக் கூட நைசாகும். சின்ன மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு எண்ணில் நீளவாக்கில் தேய்த்தால் அடுத்த எண்ணில் சாய்வாக. பழைய கோடு ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த பேப்பர். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். எண் மாறும்போது கத்தி, பலகை, கட்டை எல்லாவற்றையும் கழுவித் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 400-ன் ஒரே ஒரு துகள் 2000 பேப்பருக்குக் கீழே மாட்டினால் ஒரு மணி நேர உழைப்பு போச்சு. 400-ல் சோம்பேறித்தனம் பண்ணி விட்ட கீறல், பஃப் (துணிச் சக்கரப் பாலிஷ்) போட்டு முடித்த பிறகு, பத்திரிகை வைக்காமல் விட்ட சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்து நிற்பது மாதிரி முன்வரிசையில் வந்து நிற்கும்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரேடியோ, தண்ணீர் சொட்டும் பலகை. 1500-ல் திடீரென்று கத்தியின் சாம்பல் நிறத்துக்குள் ஜன்னல் கம்பி தெரிய ஆரம்பிக்கும். அந்த நொடிக்காகவே தேய்க்கலாம். 2000 முடித்து, பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டிப் பச்சை சோப்பு தேய்த்து, அதில் முதுகுப் பக்கமாக இழுத்தால் போதும். நாளிதழை எதிரே பிடித்தால் கத்திக்குள் தலைப்புச் செய்தி தலைகீழாக ஓடும். மெஷின் இந்தக் கடைசி இருபது நிமிடத்தை இரண்டு நிமிடம் ஆக்கும். அது செய்கிற உபகாரம் அவ்வளவுதான்.

அந்தப் பச்சை சோப்பின் பச்சை குரோமியம் ஆக்சைடு. சக்கரத்தில் போட்டால் அதுவும் இரும்புத்தூளும் துணிநாரும் சேர்ந்து கருப்பு மசியாகப் பறக்கும். அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளில் பாலிஷ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கருப்பு. அவர்களுக்கு அது தினசரி வேலை. நான் ஒரு மணி நேரம் போட்டதற்கே மூக்கு சிந்தினால் கருப்பாக வந்தது. அதன் பிறகு என்95 மாஸ்க் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. மாடிப்படிச் சுவர் இன்னமும் கருப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளையடிக்க வந்தவர் "இங்க என்னங்க, அடுப்பு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டார்.

இவ்வளவும் செய்து மினுக்கிய கத்தியால் என்ன லாபம் என்றால், துரு பிடிப்பது குறைகிறது. தண்ணீர் தங்கக் கீறல் இல்லை. கார்பன் ஸ்டீலில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் மழைக்காலத்திலும் நிற்கிறது. வெட்டுவது ஒன்றும் சுலபமாகவில்லை, வெட்டுவது கூர்தானே. என் மனைவியிடம் பெருமையாக ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஏங்க, உருளைக்கிழங்கு ஒவ்வொரு துண்டும் கத்தியிலயே ஒட்டிக்குது. நான் வெட்டறதா, பிச்சு எடுக்கறதா?" உண்மைதான். ஈரமான துண்டு வழவழப்பான தட்டைப் பரப்பில் அப்பிக்கொள்ளும். அவள் மறுபடி நாற்பது ரூபாய் பிளாஸ்டிக் பிடிக் கத்திக்கே போய்விட்டாள். என் கண்ணாடிக் கத்தி சுவரில் தொங்குகிறது. யாராவது வந்து தொட்டால் விரல்ரேகை விழுகிறது, நான் போய்த் துடைத்துவைக்கிறேன்.

ஆக, தம்பி, வாங்காதே. அறுநூறு குறைந்தாலும் வேண்டாம், ஆயிரம் குறைந்தாலும் வேண்டாம். பஃப் போட்டே ஆக வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 1,440 சுற்று போகிற மோட்டாராகப் பார், விளிம்பு வேகம் கிட்டத்தட்ட பாதி ஆகிவிடும். உனக்கு அதுவும் தேவையில்லை. முந்நூறு ரூபாய்க்கு வாட்டர் பேப்பரும் ஒரு மாஸ்கிங் டேப்பும் வாங்கு, தோல் பெல்ட் உன்னிடமே இருக்கும்.

இதைப் படித்துக் காட்டியதும் அவன் கேட்டான்: "அப்ப உனக்கு மட்டும் எதுக்கு? உன்னோடதை எனக்குக் குடுத்துரு."

தர மாட்டேன். கண்டன்சர் மாற்றியதிலிருந்து சுவிட்சைத் தொட்டதும் பூ மாதிரி கிளம்புகிறது. இன்று காலைகூட வேலை எதுவும் இல்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்தபோது சிவப்புக் கோடு அப்போதுதான் மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் கத்தியை எடுத்துக்கொண்டு வா. வழியில் சாணைக்காரரைப் பார்த்தாலும் கொடுத்துவிடாதே, மழுங்கலாகவே கொண்டு வா.