ஆரி வேலைக்குக் கூலி: மணிக்கணக்கா, உருப்படிக் கணக்கா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டிலிருந்தே ரவிக்கைக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் பூவேலை) செய்து தரும் பெண்கள் பலர், கூலியை எந்தக் கணக்கில் கேட்பது என்று தயங்குகிறார்கள்.

உழைப்புக்கு ஈடு: மணிக்கணக்கில் ஒரு மணி நேரமும் விடுபடாது. 2025 ஆகஸ்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் எல்லா முதலாளிகளுக்கும் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). மணிக்கு அது 8.72 வெள்ளி ஆகிறது. கைத்திறனுக்கு அதற்கு மேல் கேட்பதே முறை.
உருப்படிக் கணக்கில், ஜர்தோசி எனும் உலோகக் கம்பிச் சுருளைப் பொடிப்பொடியாக வெட்டி, ஊசியில் கோத்து, கழுத்து வளைவு கோணாமல் பதிக்கும் நேரத்தை முன்கூட்டியே சரியாக மதிப்பிட்டாக வேண்டும். மதிப்பீடு தவறினால் நட்டம் தைப்பவருக்கே.

கை வேகம்: மணிக்கணக்கில் கை தேறத் தேற ஒரு ரவிக்கைக்குக் கிடைக்கும் வருமானம் குறையும், இதுவே அதன் பெருங்குறை என்பேன். உருப்படிக் கணக்கில் தேர்ச்சியின் பலன் தைப்பவரைச் சேரும்.

வாடிக்கையாளர் வசதி: திருமணச் செலவைத் திட்டமிடும் குடும்பத்துக்கு ஒரே தொகை நிம்மதி தரும், மணிக்கணக்கு சந்தேகத்துக்கு இடமளிக்கும்.

பழகிய வடிவங்களுக்கு உருப்படி விலையே ஏற்றது; பாசிமணி, நூல், கண்ணாடிச் செலவைத் தனியாகக் கூட்டி, பாதித் தொகையை முன்பணமாகப் பெறலாம். புது வடிவம், அடிக்கடி மாற்றம் கேட்பவர், பழைய வேலையைப் பிரித்துத் திருத்துதல் ஆகியவற்றுக்கு, உச்சவரம்பு ஒன்றைச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் வாங்குவதே இரு தரப்புக்கும் நியாயம்.