கடனில் தவிக்கும் கால்பந்துக் கழகம்: ஒரே புரவலரா, ஊர்ச் சந்தாவா?

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை போன்ற கடலோர ஊர்களில் ஒரு கால்பந்துக் கழகத்துக்குப் பணம் முடங்கினால், அதை நேசிப்பவர்கள் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன: செலவை ஏற்கும் ஒரே புரவலர், அல்லது ஊரார் சேர்ந்து கட்டும் சந்தா.

புரவலர் வந்தால் பயணச் செலவும் ஆட்டக்காரர் சம்பளமும் உடனே தீரும். ஆனால் 1885இல் தோன்றிய இங்கிலாந்தின் பரி கழகம், தனி உரிமையாளர் கையில் இருந்தபோதுதான் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. கடைசி நாளில்கூட ரசிகர்கள் திரண்டுவந்து மைதானத்தைத் துப்புரவு செய்தது நெஞ்சை உலுக்குகிறது.

எக்ஸெட்டர் சிட்டி என்ற இன்னொரு இங்கிலாந்துக் கழகத்தையோ 2003இல் ரசிகர்களே சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை ஏற்றது. 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆடிய எஃப்ஏ கோப்பை ஆட்டங்களின் வருவாய் அதன் கடனை அடைக்கப் பெரிதும் உதவியது.

மீன்பாடு குறையும் மாதங்களில் சந்தாவும் குறையும் என்றாலும், கணக்கை ஊரார் முன் வைக்கும் இவ்வழியையே நான் ஆதரிக்கிறேன். புரவலரை ஏற்றாலும், மைதானமும் கழகத்தின் பெயரும் ஊருக்கே உரியவை என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.