எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு எனிலூப் செல்: என் அனுபவம்

"இத்தனை காசு வாங்கிட்டு கன்ட்ரோலருக்கு இன்னும் பென்டார்ச் செல்லா?" எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். என் அண்ணன் மகனிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. அவனுடைய டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் 1560 எம்.ஏ.எச். பேட்டரி உள்ளேயே இருப்பதால் டைப்-சி கேபிளைச் செருகினால் போதும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிண்டல்தான். செய்துகொள்ளட்டும். பானாசோனிக்கின் எனிலூப் என்ற ரிச்சார்ஜபிள் செல்லைப் போட ஆரம்பித்த பிறகு எனக்கு இந்த டபுள் ஏ, அதாவது பென்டார்ச் செல் ஏற்பாடே பிடித்துப்போய்விட்டது. உள்ளே வைத்து மூடிய பேட்டரி தேய்ந்தால் கன்ட்ரோலரைக் கழற்ற வேண்டும். இங்கே மூடியைத் திறந்து இரண்டு செல்லை மாற்றிவிட்டு அடுத்த நிமிடமே ஆடலாம்.

இதற்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனியின் பேட்டரி பேக்கை ஆன்லைனில் வாங்கியிருந்தேன். சில மாதங்களில் உப்பிப்போய் பின்மூடியே மூடவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டதற்கு, கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

நான் வாங்கியது வெள்ளை எனிலூப், 2000 எம்.ஏ.எச்., 2100 முறை வரை சார்ஜ் ஏற்றலாம் என்கிறார்கள். கறுப்பு நிற ப்ரோவில் 2500 எம்.ஏ.எச். உண்டு, ஆனால் 500 முறைதான். வீட்டுக்கு வெள்ளையே போதும். தினம் ஓரிரு மணி நேரம் ஆடினால் ஒரு ஜோடி இரண்டு வாரத்துக்குக் கிட்டே வருகிறது. எனக்கு இதில் பெரிய விஷயம் வேறு. பழைய ரிச்சார்ஜபிள் செல்களை ஏற்றி அலமாரியில் வைத்தால் எடுக்கும்போது பாதி காலியாக இருக்கும். 2005இல் சான்யோ (பின்னால் பானாசோனிக் வாங்கிய கம்பெனி) கொண்டுவந்த எனிலூப் அந்தக் குறையைத்தான் தீர்த்தது. மாற்று ஜோடியை மாதக்கணக்கில் தொடாமல் விட்டு எடுத்தாலும் ஓடுகிறது.

விலை மலிவான சிவப்பு செல்லைப் போட்டுப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: எக்ஸ்பாக்ஸ் ஒன் காலத்திலிருந்து இந்தக் கன்ட்ரோலருக்குள் நான்கு அதிர்வு மோட்டார்கள் இருக்கின்றன, கைப்பிடியில் இரண்டு, ட்ரிகரில் இரண்டு. கார் ரேஸில் மோதும்போது எல்லாம் சேர்ந்து கரண்டை இழுக்கும். அந்த வேகத்தில் மலிவு செல்லின் வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோலரே துண்டித்துக்கொள்ளும். எனிலூப் சாதாரண செல்லைவிடக் குறைவாக 1.2 வோல்ட்தான், ஆனாலும் அசராமல் நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. திரையில் தெரியும் பேட்டரிக் குறியை நம்பவே முடியாது. இந்த வகை செல்லின் வோல்டேஜ் கடைசி வரை ஒரே மட்டத்தில் இருந்து திடீரென்று விழும். "இன்னும் இருக்கு" என்று காட்டிக்கொண்டே இருந்துவிட்டு முக்கியமான நேரத்தில் அணைந்துவிடும். அதனால் மாற்று ஜோடியை எப்போதும் சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்று, கன்ட்ரோலரில் கேபிளைச் செருகினால் இந்த செல் சார்ஜ் ஆகாது. கேபிள் கன்ட்ரோலரை ஓட்டும், அவ்வளவுதான். தனி சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

அந்த சார்ஜரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஜோடி ஜோடியாக ஏற்றும் சாதாரண சார்ஜருக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. நான் வைத்திருக்கும் பானாசோனிக் பிக்யூ-சிசி55 சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும். நான்கையும் சுமார் மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். செல் கிழடாகிவிட்டால் விளக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான்கு செல்லோடு சேர்த்து மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தேன்.

வாங்கியதும் மார்க்கரால் ஜோடிக்கு ஒரு எழுத்து போட்டுவிடுங்கள், பழசும் புதுசும் கலந்தால் பழசு சீக்கிரம் கெடும். அப்புறம், டிவி ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் சாதாரண செல் தனியாக வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டில் என் இரண்டாவது ஜோடி இப்போது கடிகாரத்திலும் மகளின் பொம்மையிலும் இருக்கிறது.