எஸ்எஸ்டியா, இ-என்னா, காமாவா?

இறக்கை மேல் ஒழுங்காக ஓடும் காற்று (லேமினார்) எங்கே கலங்கிய ஓட்டமாக (டர்புலன்ட்) மாறுகிறது என்று கணினியில் கணிக்க எந்த மாடலை எடுப்பது என்பதுதான் கேள்வி. எப்ளர் 387 ஏர்ஃபாயிலை, அதாவது இறக்கையின் ஒரு குறுக்குவெட்டு வடிவத்தை, எடுத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, காற்றின் பாகுநிலை எல்லாம் சேர்ந்த எண்) 2 லட்சம், அதாவது சின்ன ட்ரோன் இறக்கைக்கு வரும் அளவு. நாசா லாங்லி காற்றுச் சுரங்கத்தில் அளந்த தரவு இருப்பதால், மாடல்களை உரசிப் பார்க்க நல்ல கல். மேல்பரப்பில் காற்று லேமினாராகவே போய், பரப்பை விட்டுப் பிரிந்து, அந்தரத்தில் டர்புலன்ட்டாக மாறி, திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். இடையில் மெல்லிய குமிழ் ஒன்று.

வழக்கமான டர்புலன்ஸ் மாடலான கே-ஒமேகா எஸ்எஸ்டியில் இந்தக் குமிழ் வரவே வராது. முனையிலிருந்தே டர்புலன்ட் என்று வைத்துக்கொள்கிறது. வரைபடம் மட்டும் அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து.

எக்ஸ்ஃபாயில் என்ற ஏர்ஃபாயில் கணக்கீட்டு மென்பொருள் பயன்படுத்துவது இ-என் முறை. சின்ன அலைவுகள் எத்தனை மடங்கு பெருகுகின்றன என்று கணக்கிட்டு, அந்த மடங்கின் இயல் மடக்கை (N) 9-ஐத் தொட்டதும் மாற்றம் என்கிறது. அந்த 9 சுமார் 0.07 சதவீத டர்புலன்ஸ் உள்ள சுத்தமான சுரங்கத்துக்கு. கிளைடருக்கு 12 முதல் 14 வரை வைப்பார்கள். சில நொடிகளில் விடை வந்துவிடும். இருபரிமாண ஏர்ஃபாயில் என்றால் நான் முதலில் திறப்பது இதைத்தான். ஆனால் டர்பைன் பிளேடில், வரும் காற்றே பல சதவீதம் கலங்கியிருக்கும். அலை மெல்ல வளர நேரமே இல்லை. அங்கே இதைத் தொடாதீர்கள்.

முப்பரிமாணம் என்றால், மாற்றத்தைக் கூடுதல் சமன்பாடுகளால் கணிக்கும் காமா-ரீதீட்டா, அல்லது 2015-இல் வந்த ஒற்றைச் சமன்பாட்டு காமா மாடல். பழைய காமா-ரீதீட்டா ஓட்டத்தின் வேகத்தையே நேரடியாக எடுத்துக்கொள்வதால், பார்க்கும் சட்டகம் மாறினால் விடையும் மாறும். சுழலும் பிளேடு இருந்தால் புதியதே மேல். இரண்டுக்குமே சுவரருகே ஒய்-ப்ளஸ் (சுவரிலிருந்து முதல் கட்டம் வரையுள்ள அலகற்ற தூரம்) 1 அளவில் வலை வேண்டும். கே-கேஎல்-ஒமேகா என்ற இன்னொரு மாற்ற மாடல் எனக்கு ஒத்துவரவில்லை, சரியாக ஒருங்குவதே இல்லை. பெரிய சுழல்களை நேரடியாகவே கணக்கிடும் எல்இஎஸ் துல்லியம்தான், கணினி நேரம் கையில் இருந்தால்.

அப்புறம், மாடலைத் திட்டும் முன் ஒரு சங்கதி. மாற்ற மாடல்களைச் சரிபார்க்க உதவும் டி3ஏ தட்டைத் தகட்டுச் சோதனையைக் கணினியில் ஓட்டியபோது, சுமார் 3 சதவீத டர்புலன்ஸைக் கணக்கீட்டு வெளியின் நுழைவாயிலிலேயே கொடுத்துவிட்டேன். தகட்டின் முனைக்கு வருவதற்குள் அது தேய்ந்து போய், மாற்றம் வெகுதூரம் பின்னால் நடந்தது. இரண்டு நாள் காமா-ரீதீட்டாவைத் திட்டினேன். நுழைவாயிலில் அளவைக் கூட்டி, முனையில் 3 வருமாறு வைத்ததும் உராய்வு வளைவு தானாக இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.